வெர்லின் சுட்ட மானும் லாவோன் பிரித்த கறியும்

பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியும் வெர்லின் டெட்லஃபின் வலது கை வேலைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. நவம்பர் வேட்டை தொடங்கிய மூன்றாம் நாள், சோளக்காட்டு ஓரத்தில் இருக்கும் தன் மரக்கூண்டில் ஏறி உட்கார்ந்து, சன்னல் கட்டையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து, இடது தோளில் அணைத்து ஒரு பெண்மானைச் சுட்டுவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் குடலை எடுத்து, டிராக்டரில் கொண்டுவந்து, கார் கொட்டகை உத்தரத்தில் மானைத் தொங்கவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்துக்கு வெர்லினைக் கையில் பிடிக்க முடியவில்லை. அப்புறம் தோலை உரிக்கக் கத்தியை எடுத்தார். பிடி நிற்காமல் கத்தி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"கறிக்கடைக்குப் போன் போடு," என்றார் மனைவி லாவோனிடம். "இதோட சரி. அடுத்த வருஷம் வேட்டைக்கு அனுமதிச் சீட்டே எடுக்கப் போறதில்ல."

இந்த மனுஷன் வருஷம் முழுக்க வாழ்வதே இந்த ஒன்பது நாள் வேட்டைக்காகத்தான். அதையும் விட்டுவிட்டால் மிச்சம் என்ன, தொலைக்காட்சியும் மாத்திரை டப்பாவும்தானே. மான் கடைக்குப் போனால் இவரும் இத்தோடு போய்விடுவார் என்று அவள் பயந்தாள்.

கறிக்கடையில் குளிர் அறை நிரம்பிவிட்டதாம், வெள்ளிக்கிழமைக்கு மேல் கொண்டுவரச் சொன்னார்கள். நாளையே பனி உருகி வெயில் அடிக்கும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளிவரை தொங்கினால் கறி நாறிவிடும்.

"நான் வெட்டுறேன்," என்றாள் லாவோன்.

"நீயா? கோழியையே துண்டு போட்டு வாங்குறவ."

"நீ உக்காந்து வாயால வழி சொல்லு. அது போதும் எனக்கு."

லாவோன் ஒரு தையல்காரி. அந்த ஊரில் கல்யாண உடுப்பை இறுக்குவதும் தளர்த்துவதும் முப்பத்தாறு வருஷமாக அவள் கைதான். மான் வெட்டும் நாளில் மட்டும் அவள் கொட்டகைப் பக்கம் போனதில்லை. வெர்லினும் அவர் தம்பியும் பிராந்தி பாட்டிலோடு கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்களாகத்தான் அவள் மானைப் பார்த்திருக்கிறாள்.

தோல் எப்படியோ வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வினை. கடையில் தட்டில் வைத்து விற்கும் துண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு, ரம்பத்தை எடுத்துத் தொடையின் குறுக்கே போட்டு அறுத்தாள். எலும்புத்தூளும் மஜ்ஜையும் குழைந்து கறியெல்லாம் அப்பிக்கொண்டன.

"அடிப்பாவி, என் மான் என்ன விறகுக் கட்டையா?" என்று கத்தினார் வெர்லின்.

"ரம்பம் உன்னோடதுதானே. எதுக்கு வச்சிருக்க?"

"கொம்பு அறுக்க. எலும்புத்தூள் ஒட்டுன கறி நாலு மாசம்கூட நிக்காது. விடு, எல்லாத்தையும் தூக்கிப் போடு."

அந்த 'எல்லாம்' மானோடு நிற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தூளைச் சுரண்டினாள். சுரண்டும்போது இரண்டு சதைக்கு நடுவே மெல்லிய வெள்ளைச் சவ்வு தெரிந்தது. விரலை விட்டு அழுத்தினாள். வழிவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த சங்கதி. சமையலறைக்கு ஓடி, உருளைக்கிழங்கு சீவும் சின்னக் கத்தியை எடுத்துவந்தாள். பழைய உடுப்பில் தையல் பிரிப்பதுபோல நுனியால் தொட்டுத் தொட்டுப் பிரித்தாள். அடுத்த தொடை நான்கு முழுச் சதைகளாக எலும்பை விட்டுக் கழன்று வந்தது.

அவள் வெள்ளைக் கொழுப்பை வழித்துக் குப்பையில் போடும்போது வெர்லின் மறுபடி ஆரம்பித்தார்.

"அத ஏன் எறியற? கொத்துக்கறில போடு. நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம்."

"தெரியும். திங்கிறவளுக்குத் தெரியாதா?" கத்தியைக் கீழே வைத்தாள். "மாட்டுக் கொழுப்பு இல்ல இது, வெர்லின். பிப்ரவரி தாண்டுனா உன் கொத்துக்கறி மெழுகுவத்திதான். அண்ணத்துல ஒட்டிக்கும். பாதிப் பொட்டலத்த நாய்க்குத்தான் போட்டேன்."

"டஃபிக்கா?"

"டஃபிக்கு. அதுக்கு முன்னாடி இருந்த நாய்க்கு. அதுக்கும் முன்னாடி இருந்ததுக்கு."

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார். ஏற்கனவே நொந்து கிடப்பவரை இன்னும் நோகடித்துவிட்டோமே என்று லாவோன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார். எட்டு மாதத்தில் இப்போதுதான் சிரிக்கிறார்.

"அதான் ஒவ்வொண்ணும் பன்னி மாதிரி இருந்துச்சா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லாவோன் முகாம் அடுப்பைப் பற்றவைத்து, வெண்ணெயும் வெங்காயமும் போட்டு, முதுகுச் சதையில் சவ்வு துளியும் இல்லாமல் நாலைந்து வில்லை அறுத்து வாட்டினாள். வெர்லின் இடது கையால் ஒன்றை எடுத்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். சட்டியில் அவளுக்கென்று எதையும் வைக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையால் முன்காலைப் பிடித்து இழுத்தார். "இழுத்துப் புடிச்சாத்தான் சவ்வு தெரியும். வெட்டு," என்றார். இரண்டு பேருமாக மீதி மானையும் முடித்தார்கள்.

இருட்டுவதற்குள் பொட்டலங்கள் உறைபெட்டிக்குள் போய்விட்டன. வெர்லின் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இது ஈஸ்டர் வரைக்கும் வராது."

"ஒரு மான் எப்பவும் வருமே."

"இப்படி ருசியா இருந்தா எப்படி வரும்? ரெண்டு மான் வேணும். அடுத்த வருஷம் எனக்கு ஒரு சீட்டு, உனக்கு ஒரு சீட்டு."

"எனக்குச் சுடத் தெரியாது, வெர்லின்."

"காலைல வெட்டவும்தான் தெரியல," என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைக்கப் போனார்.

லாவோன் உறைபெட்டி மூடியைப் பிடித்தபடி, அவர் திரும்புவதற்குள், நன்றாக அழுதுவிட்டாள்.