அரக்கை அரக்காகவே காட்டிய அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி இந்த மலரை உங்கள் கைகளில் தருகிறோம். கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது தம்பி சொன்னார்: "கோவத்த ஓரமா வச்சுட்டு எழுதுக்கா. சொந்தக்காரங்க எல்லாம் படிக்கிறது." நானும் முயன்றேன். அக்காவின் பொறுமை, சிரித்த முகம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அக்கா அப்படியொன்றும் பொறுமைசாலி இல்லை. கடைசி ஐந்து ஆண்டுகள் அவர் கோபமாகத்தான் இருந்தார். அதற்கு நியாயம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அக்கா சின்னாளபட்டியில் நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தறியில் இருப்பார். அம்மா சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போடுவார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா தவறிவிட்டார். கல்லூரிப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த வேலைதான். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டும் மாமாவை மணந்த பிறகும் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார்.

தெருக்காரர்கள் சேலைகளை இணையத்தில் விற்கத் தொடங்கியபோது படமெடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சென்னை நிறுவனம் ஒன்று எங்கள் சேலைகளைத் தன் தளத்தில் போட்டு விற்றது. அதன் பெயரை இங்கே எழுத எனக்கு ஆசைதான். தம்பி வேண்டாம் என்கிறார். தெருவின் பதினான்கு வீட்டுச் சேலைகளையும் அக்கா மொட்டை மாடியில் காலை வெளிச்சத்தில் தொங்கவிட்டுப் படமெடுத்தார். கூலி வாங்கியதில்லை. சேலைகள் பெருகின, மழைக்காலமும் வந்தது. வேறு வழியில்லாமல் வீட்டு முன்னறைக்கு மாறினார். அங்கே ஒரு டியூப்லைட், ஒரு மஞ்சள் பல்பு, ஒரு ஜன்னல், பிஸ்தாப் பச்சை அடித்த சுவர்.

இரண்டே மாதத்தில் சேலைகள் திரும்பி வர ஆரம்பித்தன. படத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது, கைக்கு வந்தது அரக்குச் சிவப்பு என்றார் ஒருவர். மாம்பழ மஞ்சள் கேட்டால் எலுமிச்சை மஞ்சளை அனுப்பியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். நிறுவனம் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பதினான்கு வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்தது: "வாடிக்கையாளர்களை நிறத்தில் திட்டமிட்டு ஏமாற்றியதால் கொள்முதல் நிறுத்தப்படுகிறது."

திட்டமிட்டு. அந்த ஒரு சொல்லை அக்காவால் கடைசிவரை விழுங்க முடியவில்லை.

எதிர்வீட்டு பவுனம்மா சித்தியின் தறி நின்றது. அவர் நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போனார். ஒரு நாள் வாசலில் நின்றே கேட்டார்: "ஏத்தா, நீ எடுத்த போட்டாவுலதானே இம்புட்டு வினையும்?"

"ஆமா சித்தி, போட்டாவுலதான். ஏன் தப்பா விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்," என்றார் அக்கா.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "ஒரு மன்னிப்புக் கடுதாசி போட்டுட்டு ஓடரை வாங்குக்கா" என்றேன். அக்கா மூன்று நாட்கள் என்னுடன் பேசவில்லை.

அரக்குச் சேலைத் துணியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் பல்புக் கடை கடையாக ஏறினார். துணைக்கு நான் போனேன். எல்லாக் கடையிலும் 'டேலைட்' என்று அச்சடித்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்கள். அக்கா பல்பை எரியவிடச் சொல்வார். துணியை அதன் கீழே பிடிப்பார்; பிறகு கடை வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடிப்பார். வாசலில் அரக்கு. பல்புக்குக் கீழே செத்துப்போன பழுப்பு.

"வெள்ளையா எரிஞ்சா டேலைட்டுதாம்மா. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்று அலுத்துக்கொண்டார் ஒரு கடைக்காரர்.

"வெள்ளையா எரியிறது வேறண்ணே. நெறத்த உள்ளபடி காட்டுறது வேற. இந்த பல்புல செவப்பே கம்மியா இருக்கு, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பெட்டியில் 6500 என்று ஓர் எண் இருக்கும். அது வெளிச்சம் மஞ்சளா, வெள்ளையா, நீலமா என்று மட்டுமே சொல்கிறது. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று தனி எண் உண்டு. பகல் வெளிச்சத்துக்கு அது நூறு. அக்கா பார்த்த பெட்டிகளில் பாதியில் அந்த எண்ணே இல்லை. மீதியில் எண்பது என்று இருந்தது. இதையெல்லாம் அக்கா இரவல் வாங்கிய புத்தகங்களிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் தானாகவே படித்துத் தெரிந்துகொண்டார். சிவப்பை விழுங்கும் விளக்கைப் பகல் என்று பெயர் போட்டு விற்பவர்களை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஏமாற்றுக்காரர்கள் நாங்கள்.

தொண்ணூற்றைந்துக்கு மேல் எண் போட்ட பல்புகள் கடைசியில் எறணாகுளத்தில்தான் கிடைத்தன. வெங்காய லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாமா இரண்டு வாங்கி, தன் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே லாரியை ஓட்டி வந்தார். அக்கா அதற்குள் பச்சைச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்திருந்தார்; சுவரின் பச்சை துணியில் அடிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். டியூப்லைட்டை அணைத்தார். சேலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்பு. வேறு எந்த வெளிச்சமும் உள்ளே வரக் கூடாது. கைப்பேசி தன்னிஷ்டத்துக்கு நிறத்தை மாற்றாதபடி அதன் கேமராவில் நிற அமைப்பைப் பூட்டி வைத்தார். படத்தை எடுத்துக்கொண்டு சேலையோடு மாடிக்கு ஓடினோம். வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அரக்கு அரக்காகவே இருந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

எங்கள் அழைப்புக்கு இணங்கி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். பழைய படம், புதிய படம், சேலை மூன்றையும் அக்கா அவர் முன்னால் வைத்தார். அவர் அரை மணி நேரம் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; பல்பின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

"சூப்பர் மேடம். அடுத்த வாரமே ஆர்டர் ஆரம்பிச்சிடலாம்."

"ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி, நாங்க ஏமாத்தலைன்னு ஒரு கடுதாசி குடுங்க. பதினாலு வீட்டுக்கும்."

"பழசை எதுக்கு மேடம் கிளறணும்?"

"உங்களுக்கு அது பழசு. எங்க தெருவுல பொண்ணு கேட்டு வாரவுக அதப் பத்தித்தான் கேக்குறாக."

ஆர்டர் வந்தது. தறிகள் ஓடின. கடிதம் வரவில்லை. சில மாதங்களில், துல்லியமான நிறத்துக்குத் தங்கள் குழுவே உருவாக்கிய ஒளியமைப்பு என்று தளத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். படத்தில் இரண்டு பல்பு, வெள்ளைச் சுவர், கறுப்புத் துணி. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வச்சுக்கிறட்டும். எனக்கு அந்தக் கடுதாசிதான் வேணும்" என்றார்.

மாதம் தவறாமல் அவர்களுக்கு எழுதினார். நுரையீரல் நோய் கண்டு மதுரை மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், மூச்சு வாங்க வாங்கச் சொல்ல, நான் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அடுத்த வாரம், நாற்பத்தொன்பதாம் வயதில், அக்கா எங்களை விட்டுப் போனார்.

இறுதிச் சடங்குக்கு அதே மனிதர் பெரிய மாலையுடன் வந்தார். பவுனம்மா சித்தி வாசலில் மறித்தார். குரலை உயர்த்தவில்லை. "மாலைய எடுத்துட்டுப் போங்க தம்பி. அந்தக் கடுதாசியோட வந்தா உள்ள வாங்க." அவர் மாலையைத் திரும்பக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார். துக்க வீட்டில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று உறவினர் சிலர் வருத்தப்பட்டீர்கள். எனக்கு வருத்தமில்லை.

அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஓட்டத்தை விட்டுவிட்டு மாமாவுடன் மருத்துவமனை வாசலில் படுத்துக் கிடந்த லாரி நண்பர்களுக்கும், பதினாறு நாட்களும் எங்கள் வீட்டுக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை கடிதம் வரவில்லை. ஆகையால் அதில் இருந்திருக்க வேண்டிய வாக்கியத்தை நானே எழுதிவிடுகிறேன்: எங்கள் தெருவில் யாரும் யாரையும் நிறம் காட்டி ஏமாற்றவில்லை. பதினான்கு வீட்டாரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம். இதன் ஒரு பிரதி சென்னைக்குப் பதிவுத் தபாலில் போகிறது.