நாற்பதுக்கு முப்பத்தொன்பது

ஆஸ்பத்திரியில் அவளைக் கத்தியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, கிருமி சாக நீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பது அவள் வேலை. பெயருக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் வாய். பத்தொன்பது வருஷத்தில் அவள் கட்டிய மூட்டை ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். மூட்டையின் மேல் 'சுத்தம்' என்று கையெழுத்துப் போடுகிற இடம் அது. அடுத்தது கத்தியக்காதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது நிர்வாகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. அந்த இடத்துக்கு வருகிறவர் ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டுமாம்.

கருவிகளின் பெயரைக் கேட்பார்கள் என்று நம்பிப் போனாள். நாற்பது கேள்வியும் ஒரே ரகம். இந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா? 'வான்ட்' என்றால் 'டு கோ'வாம். 'என்ஜாய்' என்றால் 'கோயிங்'காம். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தானாம். நீராவிப் பெட்டி இதையெல்லாம் கேட்டா சூடாகிறது? எவனோ ஒரு புண்ணியவான் குளுகுளு அறையில் உட்கார்ந்து தீர்மானித்ததற்கு இவள் பலி.

தேற இருபத்தைந்து வேண்டும். முதல் தடவை பதினொன்று வாங்கினாள், அடுத்த தடவை பதினாலு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று சொல்லிவிட்டார்கள்.

கத்தியக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த வழிக்குப் போனாள். வினைச்சொற்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதினாள். சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகளை வைத்தாள். 'டு' கேட்கிறவை ஒன்றில், 'இங்' கேட்கிறவை ஒன்றில், 'ஸ்டாப்' மாதிரி இரண்டுக்கும் இடம் கொடுத்து அர்த்தத்தை மாற்றிக்கொள்கிற சண்டிகள் மூன்றாவதில். வயிற்று ஆபரேஷன் கருவிகளையும் எலும்பு ஆபரேஷன் கருவிகளையும் பிரிக்கிற அதே கைதான். எல்லாவற்றையும் கொட்டிக் கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த புருஷன் சோற்றுக்குத் தட்டில்லாமல் நின்று, இது எந்த ஆபரேஷனுக்கு என்று கேட்டான். நாலு மாதம் இப்படியே ஓடியது.

மூன்றாம் தடவை நாற்பதுக்கு முப்பத்தொன்பது.

பணியாளர் அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விடையை யாரும்மா குடுத்தது? கருவி கழுவுறவங்களுக்கு இவ்வளவு மார்க்கெல்லாம் வராதும்மா."

தட்டுகளைப் பற்றிச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாயிற்று: கருவிப் பிரிவு ஊழியர் ஒருவர் காப்பியடித்ததாகச் சந்தேகம், விசாரணை நடக்கிறது. அந்தப் பிரிவில் இருப்பதே மூன்று பேர். அதில் பரீட்சை எழுதியது யார் என்று வாசல் காவலாளிக்கும் தெரியும். பெயர் போடாத பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

அன்று மத்தியானம் ஆபரேஷன் அறை நர்ஸ் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தாள். கத்தியக்கா கட்டிய மூட்டை. அவளை ஏறிட்டுப் பார்க்காமல், பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து, இன்னொரு தடவை பெட்டியில் வைத்துத் தரச் சொன்னாள். பதினொன்றும் பதினாலும் வாங்கியபோதுகூட வராத அழுகை கத்தியக்காவுக்கு அப்போது வந்தது.

மறு பரீட்சை அதிகாரியின் அறையிலேயே நடந்தது. புதுக் கேள்வித்தாள். எதிரில் அவர், கதவருகே காவலாளி. அரை மணியில் எழுதிக் கொடுத்தாள். அவரே திருத்தினார். இரண்டே தப்பு. இன்னும் ஏதாவது அகப்படுமா என்று மறுபடி ஒரு முறை பார்த்தார், அகப்படவில்லை.

"சரிம்மா, தேறிட்டீங்க. திங்கக்கிழமை பொறுப்பு எடுத்துக்கங்க. நடந்ததை மறந்துடுங்க."

கத்தியக்கா எழுந்திருக்கவில்லை. தான் காப்பியடிக்கவில்லை என்று அவரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே பலகையில் ஒட்டச் சொன்னாள். அதிகாரி சிரித்தார். அதுதான் வேலை கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்கு அது என்றார்.

"வேலைக்கு இல்ல சார். திங்கக்கிழமையிலேருந்து நான் மூட்டை மேல சுத்தம்னு கையெழுத்துப் போடணும். அதை நம்பித்தான் ஒருத்தர் வயித்துல டாக்டர் கத்தி வைப்பாரு. என் கையெழுத்தை நீங்க பொய்யாக்கி வெச்சிருக்கீங்க. நாளைக்கு அந்த மேசையில நீங்களே படுத்திருந்தா, என் மூட்டையைப் பிரிக்க விடுவீங்களா?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, அவள் சொன்ன வரியை எழுதினார். எழுதி முடித்து, போதுமா என்பதுபோலப் பார்த்தார்.

அவள் இன்னும் உட்கார்ந்தே இருந்தாள். தாளில் அவர் கையெழுத்து விழவில்லையே.