மண்டபத்துச் சாவி கேட்டவர்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பேரூராட்சிக்கு ஒரு செயல் அலுவலர் வந்தார். திண்டுக்கல்லிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஊருக்கு அவர் ஈ.ஓ. சார். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, பின்காலரில் எப்போதும் ஒரு குடை தொங்கும். மழை கொட்டினாலும் அதை விரிக்க மாட்டார். நனைந்தபடியே கையை வீசி நடப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

ஓர் ஐப்பசியில் குளத்துக்கரை உடைந்து கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் அப்போது கல்யாண மண்டபத்தில் மேனேஜர். ஈ.ஓ. சொட்டச் சொட்ட வந்து, கீழத்தெரு ஜனத்தைத் தங்கவைக்கச் சாவி கேட்டார்.

"சார், நாளன்னைக்கு முகூர்த்தம். வாழைமரம்கூட வந்து எறங்கிருச்சு" என்றேன்.

"தெரியும்ணே. இந்த மாதிரி நேரத்துல பூட்டை உடைச்சு எடுத்துக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா உடைச்ச கதவு வழியா பொண்ணு மாப்பிள்ளை வரக் கூடாதுல்ல? அதான் கேட்டு நிக்கிறேன்."

கொடுத்துவிட்டேன்.

முகூர்த்தத்தன்றும் தண்ணீர் வடியவில்லை. மாடியில் கீழத்தெரு ஜனம், கீழே கல்யாணம், எல்லோருக்கும் ஒரே பந்தி. பெண் காரிலிருந்து இறங்கும்போது மழை வலுத்தது. வாசலில் நின்றிருந்த ஈ.ஓ. காலரிலிருந்து குடையை உருவி விரித்து, அவளைப் படி வரை கூட்டி வந்தார். தான் நனைந்தார்.

பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அப்படி ஓர் அதிகாரம் அவருக்கு நிஜமாகவே இருந்ததா, தெரியாது. என் எதிர்வீட்டுக்காரர் வக்கீல்தான். இன்றுவரை நான் கேட்கவில்லை.