குழாயில் ஏறிய மாவு

செஞ்சியில் எங்கள் வீட்டு மீன் தொட்டிச் செடிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து, மூடிய பாட்டிலிலிருந்து தொட்டிக்குக் குழாய் விட்டால் கரியமில வாயு வரும், செடிகள் தழைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஈஸ்ட் கைவசம் இல்லை. இட்லி மாவு பொங்குவதும் அந்த வாயுவால்தானே என்று, புளித்த மாவை ஊறுகாய் இருந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகிப் பசை போட்டு இறுக்கினேன்.

காலையில் குமிழிகள் அழகாக வந்தன. சித்திரை வெயிலில் மாவு பொங்கிக் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

மதியம் சாப்பிட வந்த கணவர் பாட்டில் பக்கம் குனிந்தார். "இன்னாடி, குமிழியே காணோம்? டியூப் அடச்சிக்கிச்சா?"

"இருங்க, வந்து பாக்கறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் வெடித்தது. அவருடைய வலது கண்ணில் கண்ணாடிச் சில்லு ஏறியது. புதுச்சேரிவரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை.

"உடு, நல்லவேள நம்ம பாப்பா அங்க நிக்கல" என்றார் அவர்.

இப்போது தொட்டியில் வெறும் பாசிதான். எதையும் பாட்டிலில் அடைத்துப் புளிக்க விடுவதில்லை. கடைத்தெருவுக்குப் போகும்போது அவருக்கு வலப்பக்கமாகவே நடக்கிறேன். அந்தப் பக்கம் பஸ் வந்தால் அவருக்குத் தெரியாது.