மிதந்ததைக் கொட்டியவள்

அன்று டெல்லியில் தொல்பொருள் ஆய்வுக்கூடத்தின் பின்வராந்தாவில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், மதுரைப் பக்கத்து மேடம், அவரிடம் ஆராய்ச்சி படிக்கிற டெல்லித் தமிழ்ப் பெண்.

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழர் குடிசைகள் இருந்த மதராசி கேம்பில் எங்கள் வீட்டை இடித்த பிறகு, இரண்டு பஸ் மாறி அங்கே கூட்டித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் நாளுக்கு ஐந்நூறு ரூபாயில் மண் கழுவும் வேலையும் சேர்ந்து வந்தது. வந்த நாள் முதலே, எப்போது போய்விடுமோ என்று பயம்.

பழைய காலத்து அடுப்படியில் தோண்டிய மண்ணை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டும். மேடத்துக்கு போன் வந்தது. அந்தப் பெண் வடிகட்டத் துணி எடுக்கப் போனாள். வாளியில் கறுப்பாக ஏதோ மிதந்தது. பருப்பு களைந்து பழகிய கை சும்மா இருக்குமா? மிதப்பது சொத்தை என்று மேல்தண்ணீரை வடித்தேன். டெல்லியில் தண்ணீரை வீணாக்க மனம் வராது. கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன்.

"மேல இருந்தது எங்க அக்கா?" என்றாள், துணியோடு திரும்பிய அந்தப் பெண்.

"சொத்தைதானேம்மா, செடிக்கு ஊத்திட்டேன்."

"அரே, அதுதான் அக்கா வேணும். கருகின தானியம் லேசு, மிதக்கும். கீழ இருக்கறது வெறும் மண்ணு."

வேலை போச்சு, வாடகைக்கு என்ன செய்வேன் என்றுதான் மனம் ஓடியது.

திரும்பி வந்த மேடம் திட்டவில்லை. தொட்டியின் மேல்மண்ணைச் சுரண்டி மறுபடி வாளியில் போடச் சொன்னார். "தொட்டியில இருக்கற புது விதை கருகியிருக்காது, பிரிச்சிடலாம். நடந்ததை மட்டும் நோட்டுல எழுதிடணும்."

துணியில் தங்கியதை லென்சில் காட்டினார். கொள்ளு, பார்லி, கூடவே வயல் களையின் விதை. அறுவடையோடு களையும் வந்திருக்கிறது. பக்கத்திலேயே விதைத்து அறுத்தவர்களாக இருக்கலாம் என்றார்.

"இத்தனை காலம் எப்படி மேடம் மக்காம இருந்துச்சு?"

"கருகினதாலதான். பதமா சமைச்சவ ஒண்ணும் விட்டுட்டுப் போகல. கைதவறி அடுப்புல சிந்தினவ புண்ணியத்துலதான் அவங்க என்ன வெதச்சாங்கன்னே நமக்குத் தெரியுது."

அவள் அன்று யாரிடம் என்ன பேச்சு வாங்கினாளோ, பாவம்.

"நாளைக்கும் நீங்கதான் கழுவணும். மிதக்கறதை இனிமே நீங்க விடவே மாட்டீங்க" என்றார் மேடம்.

சனிக்கிழமை ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கச் சொன்னார்கள். என் தப்பை எழுதிய நோட்டைக் காட்டி ஏதாவது கேட்பார்களோ என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆறு நாள் கூலி, மூவாயிரம் ரூபாய், இன்னும் வரவேண்டியிருக்கிறது.