மூன்று லெட்சுமிகளும் ஒரு நெட்வொர்க் கார்டும்

போன ஞாயிறு, மலேசியாவில் கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் கோயிலில் அன்னதானம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலங்களுக்கு லேபிள் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. என்னைப் போய் நம்பினார்களே!

அங்கே எல்லாம் என் மனைவி வசந்திதான். சோற்று அண்டாவை மேசையில் வைத்து, பொட்டலம் கட்டுகிறவர்களிடம் "இவ்ளோ சோறு, இவ்ளோ குழம்பு, லேபிள் ஒட்டிருங்க" என்று ஒரே தடவை சொல்வார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

நானும் ஆபீஸில் அதைத்தான் செய்ய முயன்றுகொண்டிருந்தேன். சுங்கைப் பட்டாணியில் எங்கள் சின்னக் கம்பெனி, கேமரா படங்களை நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி தயாரிக்கிறது. பெரிய டேட்டாவைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரித் தலைப்பு ஒட்டுவது இதுவரை சி.பி.யு.வின் வேலை. பாவம், அதிலேயே அதற்கு மூச்சு வாங்கும். ஆனால் வெட்டவும் ஒட்டவும் நெட்வொர்க் கார்டுக்கே தெரியுமே! மொத்தமாகக் கொடுத்து, "தலைப்பு இவ்வளவு நீளம், துண்டு இவ்வளவு பெரிசு" என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும் டிரைவர் என்ற மென்பொருளைத்தான் நான் எழுதியிருந்தேன்.

இருபது வருஷமாக அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்தே பிழைத்தவன் நான். ஐம்பத்தோரு வயதில் முதன்முதலாக என் கையால் ஒன்று... திங்கட்கிழமை வாடிக்கையாளர் முன்னால் அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் பழைய டிரைவரே போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஓடியதா? சின்ன டேட்டா ஜோராகப் போனது. பெரிய படம் போனால் மட்டும் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அந்தக் கவலையோடுதான் கோயிலுக்கு வந்திருந்தேன்.

மதியம் பொட்டல மேசையில் ஒரே கூச்சல். பார்த்தால், மூன்று லெட்சுமி அக்காக்கள்!

"நான் தனி ஆளுலா! எட்டு பொட்டலத்த வச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்றார் ஒருவர்.

"எங்க வூட்ல எட்டு பேருலா! எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்திருக்காங்க!" என்றார் இன்னொருவர்.

வசந்தி ஒரு லேபிளைப் பிய்த்து என் முன்னால் நீட்டினார். "என்னாங்க இது? பேரு இருக்கு, எஸ்டேட் டிவிஷன் இருக்கு, மூணு பேருக்கும் ரெண்டும் ஒண்ணுதான். மூணாவது வரி எங்க? கிளினிக் லெட்சுமி, பஸ் லெட்சுமி, ஆட்டுக்கார லெட்சுமின்னு எழுதிக் குடுத்தேன்ல?"

"ரெண்டு வரிக்குத்தான் இடம் விட்டேன்..."

"லிஸ்ட்ட பாக்காமலே ரெண்டு வரின்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானேதான் முடிவு செய்தேன். ஆபீஸிலும் அதேதானே செய்திருக்கிறேன்!

டிரைவரில் தலைப்பின் நீளம் ஐம்பத்து நாலு பைட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தேன். நேர முத்திரையும் சேர்ந்தால் அது அறுபத்தாறு ஆகிவிடும். மிச்சம் பன்னிரண்டு பைட்டையும் படம் என்று நினைத்து வெட்டிவிட்டது கார்டு. சின்ன டேட்டாவை வெட்டவே தேவையில்லை, அதனால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. கார்டு மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்தது.

லெட்சுமி அக்காக்கள் சிரித்துக்கொண்டே பொட்டலங்களை மாற்றிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் அந்த ஐம்பத்து நாலை அழித்தேன். ஒவ்வொரு தடவையும் அளந்து சொல்லும்படி ஒரே ஒரு வரி எழுதினேன்.

திங்கட்கிழமை... படம் கண்ணாடி மாதிரி வந்தது! வாடிக்கையாளரின் மீசையில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். சி.பி.யு. காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. முதலாளி கைகொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

உடனே வசந்திக்கு போன் போட்டேன்.

"ஓடுதுமா! அந்த வெட்டுற வேலையெல்லாம் இனிமே கார்டே பாத்துக்கும்!"

"ரொம்ப சந்தோசங்க. அடுத்த அன்னதானத்துக்கு லேபிள நான் பாத்துக்கிறேன். நீங்க அண்டா தூக்குங்க."

சி.பி.யு.வின் சுமையை இறக்க நான் டிரைவர் எழுதிவிட்டேன்... என் சுமையை இறக்க யார் எழுதுவார்கள்?