கை தீர்ந்துபோய் கண்மலர் வாங்கிய காலை

சென்ற ஆவணியில் என் மகள் நிவேதாவின் அறைக் கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவள் ஆசைப்பட்டாள் என்று நுண்கலை படிக்க வைத்தேன். முடித்து வந்தாள். எங்கும் வேலை அமையவில்லை. “கோலம் போடவா சார் பொண்ணு டிகிரி வாங்குச்சு?” என்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். வங்கித் தேர்வு எழுதச் சொன்னேன். எழுதித் தோற்றாள். ஒரு நாள் தூரிகைகளை எல்லாம் கழுவித் துடைத்து எதிர்வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள். பிறகு சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. பகலில் போனில் மனைவியின் பெயர் வந்தாலே, இவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

ஐப்பசி பௌர்ணமியன்று கெஞ்சிக் கூப்பிட்டதில் என்னோடு கிரிவலம் வந்தாள். விடியற்காலையில் புறப்பட்டோம். இந்திர லிங்கத்தில் வங்கி வேலை கேட்டேன். எம லிங்கத்தில் ஏதாவது ஒரு வேலை கேட்டேன். ஈசான்ய லிங்கத்துக்கு வந்தபோது, “வேலையே வேண்டாம் அண்ணாமலையாரே, இவள் சாப்பிட்டால் போதும்” என்று நின்றேன்.

ராஜகோபுரத்தின் முன்னால், நேர்ந்துகொண்டவர்கள் உண்டியலில் போடும் வெள்ளித் தகட்டு உருவங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு என்ன உருவம் போடுவது என்று கேட்டேன்.

“வேலைக்கெல்லாம் உருவம் இல்லீங்க. கை போடுங்க. ஐயோ, கை தீந்துபோச்சு. கண்ணு தரட்டா?” என்றார் விற்கிற அம்மா.

“மூளை இருந்தா எங்கப்பாவுக்கு ஒண்ணு குடுங்க” என்றாள் நிவேதா. பல வாரங்களுக்குப் பின் அவள் குரலைக் கேட்டேன். கண்மலரே வாங்கினேன்.

எங்களை அடுத்து கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு தாய், தன் சிறுமிக்காகக் கண்மலர் வாங்கினார். சிறுமியின் இடது கண் செயற்கைக் கண். நிவேதா குனிந்து அவளை வெகுநேரம் பார்த்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

“நல்ல கண்ணுல ஓரமா ஒரு தேன் கலர் வளையம் இருக்குக்கா. இதுல அதை விட்டுட்டாங்க” என்றாள்.

இவள் ஓவியம் படித்தவள் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தத் தாய் கோபப்படவில்லை. “அதாம்மா, என்னமோ ஒட்டாத மாதிரியே இருந்துச்சு. இது பழசு, சென்னையில கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வேற மாத்தப் போறோம். அங்க கண்ணுக்குக் கலர் தீட்டுறவரும் ஓவியம் படிச்சவருதான். நீயும் வந்து பாரேன்” என்றார்.

அவர்களோடு சென்னைக்குப் போனாள். அந்தக் கண் மருத்துவமனையில் ஒரு விழியை வரைந்து காட்டினாள். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கேயே வேலை. கருவிழி தீட்டுகிறாள், வெள்ளை விழியில் நரம்புக்காகச் சிவப்பு நூலிழை பதிக்கிறாள். “ஒரே இடத்தை அரை மணி நேரம் பாக்கச் சொல்லி காலேஜ்ல உயிரை எடுப்பாங்கப்பா. அதுதான் இப்ப சோறு போடுது” என்கிறாள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி புடவைக்கு வடிவமைக்கிறாள், ஒருவன் சினிமாவுக்கு அரங்கம் போடுகிறான், இன்னொருவன் பழைய சுவரோவியங்களைச் சீர்செய்கிறான். இந்த வழிகள் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் சாப்பிட்டாளா என்று இன்றும் தினமும் போன் செய்கிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. பொங்கலுக்கு வந்தவள் திருப்புளி கேட்டாள். “தாழ்ப்பாளை நானே மாட்டிட்டேன். இனிமே எட்டி எட்டிப் பாக்காதப்பா” என்றாள். அன்று பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன்.

என்னைப் போலப் பிள்ளையின் கதவோரம் நிற்பவர்கள் இதைப் படித்தால், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை மலையைச் சுற்றி வாருங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் தெரியவில்லை.